மத்தியானத் தூக்கம் செல்லுமா?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, திருடினது. என் மச்சினியிடமிருந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, அவள் அழுதுகொண்டிருக்கும்போதே திருடினது.

மச்சினி என்றால் என் மனைவியின் தங்கை. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள்; குடியிருப்பது எங்கள் வீட்டு மாடி அறையில். அன்றைக்கு, "அத்தான், என் சோதனை நாசமாப் போச்சு" என்று ஆரம்பித்து, எப்படியெல்லாம் போச்சு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் மனைவி "ஐயோ பாவம்டி" என்று அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். நான் என்ன செய்தேன்? 'அடடா, இது கதைக்கு ஆகுமே' என்று மனசுக்குள் பத்தி பிரித்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் புத்தி அது, எங்கே போகும்?

"எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபந்தனை போட்டாள். "எழுதுங்க. ஆனா எழுதுற ஒவ்வொரு பக்கத்தையும் என்கிட்ட காட்டணும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். இந்தக் கதைக்கு நானே வைத்த கொள்ளி அது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

2

முதல் வாக்கியம் என்ன வைப்பது? வைத்துப் பார்த்ததையெல்லாம் நீங்களும் பாருங்கள்.

'அந்த ஆய்வு மாணவி ஜன்னலுக்கு வெளியே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.' [மச்சினி: "நான் என்னைக்கு அத்தான் வெறிச்சுப் பார்த்தேன்? சோதனை நடந்த ரூம்ல ஜன்னலே கிடையாது."]

'அவளைச் சுற்றிலும் ஆண்களும் பெண்களுமாக மயங்கிக் கிடந்தார்கள்.' [மனைவி: "இதைப் படிச்சா ஜனங்க வேற மாதிரி நினைப்பாங்க. எடுங்க."]

'அறிவியல் என்பது' [இதற்கு மேல் எனக்கே ஓடவில்லை.]

போகட்டும், நேராகவே சொல்லிவிடுகிறேன். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மிக்ஸியெல்லாம் விற்கிற ஒரு கம்பெனி. வாங்கினவர்களின் புகாரைப் போனில் கேட்க அவர்களுக்கு ஓர் அலுவலகம், இரண்டு மாடி. காலையிலிருந்து யாராவது ஒருத்தர் போன் போட்டுத் திட்டிக்கொண்டே இருப்பார். ஊழியர்களும் மனுஷர்கள்தானே? மத்தியானத்துக்கு மேல் அவர்களும் திருப்பித் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் தூங்கவிட்டால் இவர்கள் பொறுமையாகப் பேசுவார்களா? இதுதான் மச்சினியின் கேள்வி.

பாதிப் பேருக்குத் தூக்கம். அவர்கள் கீழ் மாடி. மீதிப் பேருக்கு வழக்கம்போல. அவர்கள் மேல் மாடி. பேச்செல்லாம் பதிவாகும். அதைக் கேட்டு ஒருவர் பொறுமைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடுவார். கடைசியில் இரண்டு மாடி மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

இது அவளுடைய மூன்றாவது சோதனை. பல் டாக்டரின் கிளினிக்கில் மீன் தொட்டி வைத்தால் நோயாளிகளின் பயம் குறையுமா என்பது முதலாவது. மீனெல்லாம் செத்து மிதந்து, நோயாளிகள் எழுந்து ஓடினார்கள். இரண்டாவதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மூன்றாவதும் போனால் நாலாவது கிடையாது, இத்தனை வருஷப் படிப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று அவளுடைய பேராசிரியர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

[இங்கே 'அவள் கண்களில் ஓர் உறுதி தெரிந்தது' என்று எழுதி அடித்துவிட்டேன். உறுதி தெரியவில்லை, தூக்கக் கலக்கம்தான் தெரிந்தது.]

3

யார் எந்த மாடி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். ஆள் பார்த்துப் பிரித்தால் பிரித்தவர் மனசும் சோதனைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை மச்சினி அந்த அலுவலக மேலாளரிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவரும் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு, "நீங்க கவலையே படாதீங்கம்மா" என்றார். அன்றைக்கு அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு. கவலைப்படாமல் போய்விட்டாள்.

சில வாரம் கழித்து டீ குடிக்கிற நேரத்தில் பேச்சு வந்தது.

"சீட்டெல்லாம் நல்லா குலுக்கித்தானே சார் போட்டீங்க?"

"கை வலிக்கிற வரைக்கும் குலுக்கினேன்மா. ஆனா பாருங்க, சீட்டு தப்பா விழுந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

மச்சினி டீயைக் கீழே வைத்தாள். "என்ன சார் சரி பண்ணீங்க?"

"கோபக்காரங்க பாதிப் பேர் தூங்காத பக்கம் போய்ட்டாங்க. பாவம், அவங்களுக்குத்தானே தூக்கம் ரொம்ப வேணும்? எல்லாரையும் கீழ மாத்திட்டேன். உங்களுக்கும் உதவியா இருக்கும்ல?"

அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. நல்லது செய்த மனுஷனிடம் எப்படிக் கத்துவது? "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். கோபத்தின் உச்சியில் நிற்கிறவனுக்கு அதற்கு மேல் ஏற இடம் ஏது? இறங்கத்தான் செய்வான். தூங்கினாலும் இறங்குவான், தூங்காவிட்டாலும் இறங்குவான். அதைத் தூக்கம் சாதித்தது என்று எழுதினால் ஊர் காதில் பூச்சுற்றுகிற வேலை.

(இந்த இடத்தில் மேலாளரைத் திட்டி நான் எழுதின ஒரு நீளமான பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். ஏனென்றால் நானும் அதே காரியத்தைத்தான் செய்திருக்கிறேன். கீழ் மாடியில் ஒரு பெண் இருந்தாளாம். வேலையுண்டு தானுண்டு என்றிருப்பாள், ஒரு நாளும் குரல் உயர்த்தினதில்லை, தூங்கி எழுந்த பிறகும் அப்படியேதான் இருந்தாள். அவளால் கதைக்கு ஒரு சிரிப்பும் தேறாது என்று நைசாகக் கழற்றிவிட்டேன். கத்துகிறவர்களாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, 'பாருங்கள், எப்படிக் கத்துகிறார்கள்' என்று உங்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறேன். என் ஜாடியும் சரியாகக் குலுக்கினதில்லை.)

4

இடிமுழக்கம் என்று ஒருவர். கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர். அவர் போனை எடுத்து "வணக்கம்" என்றாலே எதிர்முனையில் இருப்பவர் மன்னிப்புக் கேட்டுவிடுவார். சீட்டில் மேல் மாடிக்குப் போனவரை மேலாளர் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டிருந்தார்.

திரும்பி வந்த பழைய மெஷின்களைப் போட்டு வைத்திருந்த கிடங்கைக் காலி பண்ணித் தூங்குகிற அறையாக்கியிருந்தார்கள். சாய்வு நாற்காலிகள், கதவுக்கு ஒரு தடித்த திரை. சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் வந்து சாய்வார்கள். மச்சினி திரையை இழுத்துவிட்டு, "நல்லா தூங்குங்க, எழுந்தா எல்லாம் சரியாயிரும்" என்று குசுகுசுவென்று சொல்லுவாள்.

[மனைவி ஓரத்தில் எழுதியது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்: "இதுவே ஒரு மருந்துதான். 'இந்த மாத்திரை போட்டா தூக்கம் வரும்'னு நான் சொல்லும்போதே எதிர்ல நிக்கிறவர் கொட்டாவி விடுவார். அவளை யாரு குசுகுசுன்னு பேசச் சொன்னது?"]

முதல் நாளே இடிமுழக்கத்தின் குறட்டை கிளம்பியது. அவர் தூங்கும்போது அறையில் எஞ்சியிருந்த பழைய மெஷினின் மூடி ஒன்று தானாகத் திறந்து மூடிக்கொண்டது என்று மச்சினி சொல்கிறாள். கொஞ்சம் மிகை இருக்கலாம், விட்டுவிடுவோம். லேசாகத் தூங்குகிறவர்கள் ஒவ்வொருவராகக் கம்பி நீட்டினார்கள். "எனக்குத் தலைவலிம்மா", "எனக்கு மத்தியானம் தூங்கிப் பழக்கமில்லம்மா" என்று நாகரிகமாகக் காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசி வரைக்கும் நின்றவர்கள் கூரையே இடிந்து விழுந்தாலும் புரண்டு படுக்கிற ஜாதி. அவர்களுக்குக் கோபம் எங்கிருந்து வரப்போகிறது? அப்போது ஜெயித்தது தூக்கமா, இல்லை தூக்கம் வருகிற ஆட்களா?

இத்தோடு இடிமுழக்கத்தை முடித்துவிடத்தான் நினைத்தேன். குறட்டைக்கு வந்தார், சிரிப்பு மூட்டினார், போகட்டும் என்று. பக்கத்தைப் படித்த மச்சினி அதைத் திருப்பி நீட்டினாள்.

"என்ன, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. ஆனா அவர் இது மட்டும் இல்ல அத்தான்."

அப்புறம் சொன்னாள். ஒரு நாள் எல்லாரும் எழுந்து போன பிறகு அவர் மட்டும் திரைக்குப் பக்கத்தில் தயங்கிக்கொண்டு நின்றாராம். அவ்வளவு பெரிய குரலை அன்றைக்குத் தணித்துக்கொண்டு கேட்டாராம்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? இந்த ரூமை எடுத்துருவாங்களா?"

"தெரியலையே அண்ணே. முடிவு நல்லா வந்தா வச்சுக்குவாங்க. இல்லாட்டி மறுபடியும் கிடங்குதான்னு மேலாளர் சொல்றார். ஏன் கேக்குறீங்க?"

"இல்ல... முன்னெல்லாம் நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா என் பொண்ணு கதவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கும். இங்கயே கத்திக் கத்தி, வீட்டுக்குப் போனாலும் அதே கத்தல்தான் வரும். இப்போ கொஞ்ச நாளா ஒளியறதில்லம்மா. பையைப் பிடுங்கி என்ன இருக்குன்னு பாக்குது."

சிரிப்புக்கென்று நான் பிடித்து வந்த ஆள் இப்படிக் காலை வாரிவிட்டார். இவரை என்ன செய்வதென்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

5

மேல் மாடியில் ஊழியர் சங்கச் செயலாளர், ஒரு அம்மா. கீழே தூங்குகிறார்கள் என்ற செய்தி முதல் நாளே மேலே போய்விட்டது. குறட்டையை எப்படி ரகசியமாக வைப்பது? அந்த அம்மா மச்சினியை மாடிப்படியிலேயே மடக்கினார்.

"ஏம்மா, கீழ இருக்கிறவங்களுக்குத்தான் கண்ணு இருக்கா? எங்களுக்குத் தூக்கம் வராதா?"

"அப்படி இல்ல மேடம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் மாறாம இருக்கணும். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம், எப்பவும்போல இருங்க."

"எப்பவும்போலன்னா? நாங்க எப்பவும் கத்துறவங்கங்கிறியா?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லவே இல்ல மேடம்."

"போய் எழுதிக்கோ. அவங்க தூங்கிக் கிழிக்கிறதை நாங்க முழிச்சிருந்தே கிழிச்சுக் காட்டுறோம்."

அன்றிலிருந்து மேல் மாடியில் பொறுமைப் போட்டி. மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒருத்தர் போன் போட்டு, "யோவ், உங்க மெஷின் என் சட்டையைக் கிழிச்சிருச்சுய்யா!" என்று அலறினார். செயலாளரே எடுத்தார்.

"ஐயா, உங்க வேதனை எனக்குப் புரியுது. சட்டை என்ன கலர்னு தெரிஞ்சுக்கலாமா?"

"...நீலம்."

"நீலமா! நினைச்சுப் பார்க்கவே மனசு கேக்கலையே ஐயா. யாராவது ஆசையா வாங்கிக் கொடுத்ததா?"

"இல்லம்மா... பழசுதான்... பரவால்ல, விடுங்க" என்று அந்த மனுஷன் பயந்துபோய் போனை வைத்துவிட்டார்.

பக்கத்து மேஜைக்காரர் ஒருவருக்கு இவ்வளவு பொறுமை ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு போனையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டு நேரே லிஃப்டுக்குள் போவார். கதவு மூடினதும் உள்ளேயிருந்து ஒரு கூச்சல் கேட்கும். கதவு திறந்ததும் தலைமுடியைச் சரி செய்துகொண்டு புன்னகையோடு வெளியே வருவார். லிஃப்டில் கத்தினது பதிவில் ஏறாது. அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இன்னும் இரண்டு பேர் காகிதக் கட்டுகள் வைக்கிற அறையில் போய்த் தூங்கவும் தூங்கினார்கள். ஆக, தூங்கக் கூடாத மாடி தூங்கியது, தூங்கின மாடியைவிட மெனக்கெட்டுப் பொறுமையாகவும் இருந்தது.

இது போதாதென்று நடுவில் நடக்கிற மெஷின் நின்றது. கம்பெனி புதிதாக விட்டிருந்த ஒரு வாஷிங் மெஷின், துணியைப் பிழியும் வேகத்தில் அதிர்ந்து அதிர்ந்து இடத்தைவிட்டு நகரும். ஒரு வீட்டில் சமையலறையிலிருந்து கிளம்பிக் கூடத்துக்கு வந்து டிவிக்கு முன்னால் நின்றதாம். வருகிற திட்டில் பாதி இதற்காகத்தான். சோதனைக்குப் பாதியில் கம்பெனி அந்த மெஷினையே திரும்ப வாங்கிக்கொண்டது. மறுவாரமே இரண்டு மாடியும் சாந்தமாகிவிட்டது. எது செய்த வேலை இது? தூக்கமா, ரோஷமா, மெஷினா? மச்சினி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

(ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியை எழுதும்போது பக்கத்து வீட்டில் சுவரைத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால்தானோ என்னவோ எல்லாரும் இங்கே இப்படிச் சத்தமாக இருக்கிறார்கள். சங்கத்து அம்மா உண்மையில் ரொம்ப மெதுவாகப் பேசுவாராம். அதுதான் பயமே என்கிறாள் மச்சினி. திருத்தலாமென்று உட்கார்ந்தேன், மறுபடியும் துளை போட ஆரம்பித்துவிட்டார்கள்.)

6

மார்க் போட்டவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற வானொலி அறிவிப்பாளர், அருமையான காது. எந்தப் பதிவு எந்த மாடி என்று அவருக்குத் தெரியாதபடி கலந்து கொடுப்பாள். இந்த ஒன்றையாவது உருப்படியாகச் செய்தோம் என்று மச்சினிக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

ஆரம்பத்தில் மனுஷன் கறார். யாராவது போனில் பெருமூச்சு விட்டாலே மார்க்கைக் குறைத்துவிடுவார். நாள் முழுக்கத் திட்டு கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனதோ என்னவோ, போகப்போகக் கெட்ட வார்த்தை இல்லாவிட்டாலே நாலு மார்க் என்று இறங்கி வந்துவிட்டார். கடைசியில் ஒரு பதிவுக்கு முழுசாக அஞ்சு போட்டிருந்தார். மச்சினி அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கே ஓடினாள்.

"ஐயா, இதுல இவர் வாடிக்கையாளரைப் பார்த்து 'ஒழுங்கா போனை வைடா கிழவா'ன்னு சொல்றாரே. இதுக்கா அஞ்சு?"

அறிவிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒழுங்கா... கிழவா... ழகரத்தைக் கவனிச்சியாம்மா? இந்தக் காலத்துல யாரு இவ்வளவு சுத்தமா உச்சரிக்கிறா? எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு."

"பொறுமைக்குத்தானே ஐயா மார்க்?"

"பொறுமை இல்லாதவனுக்கு இந்த ழகரம் வராதும்மா."

மச்சினி அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

(இந்தப் பகுதியை முதல் தடவை படித்தபோது என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். திருத்தி எழுதி மறுபடியும் காட்டினேன், புன்னகை. மறுபடியும் திருத்தினேன், "ம்". நேற்றைக்கு, "இந்த அறிவிப்பாளர் எதுக்கு, தேவையா?" என்கிறாள். கதை மட்டமாகிவிட்டதா, இல்லை படித்துப் படித்து அவளுக்குச் சலித்துவிட்டதா என்று கண்டுபிடிக்க இன்னொரு மனைவிதான் வேண்டும். அதை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.)

7

முடிவு வந்தது. இரண்டு மாடியுமே முன்னைக்கு இப்போது பொறுமை. அதிலும் தூங்காத மேல் மாடி, தூங்கின கீழ் மாடியைவிட ஒரு மயிரிழை ஜாஸ்தி.

பேராசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. மூன்று சோதனையாக இந்தப் பெண்ணோடு அவரும்தான் மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கிறார்.

"இந்தச் சங்கத்து அம்மா ஒருத்தங்க மட்டும் எல்லாத்திலயும் அஞ்சு மார்க் வாங்கித் தனியா நிக்கிறாங்களே. ரெக்கார்டிங்ல ஏதாவது கோளாறு இருந்திருக்குமோ? இருந்துச்சுன்னு சொல்லல. இருந்திருக்கலாம்ங்கிறேன்."

"இருந்திருந்தா சார்?"

"அவங்களை எடுத்துட்டுக் கூட்டிப் பாரு."

எடுத்துவிட்டுக் கூட்டிப் பார்த்தாள். கீழ் மாடி ஜெயித்தது. தூக்கம் ஜெயித்தது. பட்டம் கிடைக்கும், கிடங்கு தூங்குகிற அறையாகவே நிலைக்கும், இடிமுழக்கத்தின் பெண் கதவுக்குப் பின்னால் போக மாட்டாள். கழற்றிவிட வேண்டியது ஒரே ஓர் ஆள்.

அன்றைக்குத்தான் அவள் சாப்பாட்டு மேஜையில் அழுதது. அதற்கப்புறம் மாடி அறையில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் எழுதி வைத்தாள். ஒன்று, தூக்கம் ஜெயித்த ஆய்வு. இன்னொன்று, ஜாடியிலிருந்து லிஃப்ட் வரைக்கும், தான் குசுகுசுவென்று பேசினதையும் சேர்த்து, எங்கெங்கே எப்படியெப்படிச் சொதப்பியது என்று ஒன்றுவிடாமல் சொல்கிற ஆய்வு.

"அப்போ தூக்கத்தால பிரயோஜனம் இல்லைன்னு எழுதப் போறியா?" என்று கேட்டேன்.

"அப்படிக்கூடச் சொல்ல முடியாது அத்தான். இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. என் சோதனை செல்லாது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அதுக்கு யாராவது பட்டம் கொடுப்பாங்களா?"

எதை அனுப்பப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். யோசிக்கும்போது அவள் பேனா மூடியைக் கடிப்பாள் என்று நான் சும்மா ஒரு வரி எழுதியிருந்தேன், என் கற்பனை. அதைப் படித்த நாளிலிருந்து நிஜமாகவே கடிக்கிறாள். வீட்டில் ஒரு பேனாவுக்கும் மூடி முழுசாக இல்லை.

8

இப்போது புரிகிறதா நான் வைத்த கொள்ளி? முடிவை நான் எழுதினால் அவள் படிப்பாள். படித்தால் அப்படியே செய்துவிடுவாளோ என்னவோ.

முடிவு அ: அவள் உண்மையை அனுப்புகிறாள். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'இப்படி நேர்மையான ஆய்வை நான்' [சீ, இது சினிமா. யார் பேசுவார்கள் இப்படி? அடித்துவிட்டேன்.]

முடிவு அ, மறுபடியும்: அவள் உண்மையை அனுப்புகிறாள். பட்டம் கிடைக்கவில்லை. கிடங்கில் மெஷின்கள் திரும்பி வருகின்றன. ஒரு சாயங்காலம் இடிமுழக்கம் வீட்டுக்குள் நுழைகிறார், அந்தச் சின்னப் பெண் [எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?]

முடிவு ஆ: அவள் தூக்கம் ஜெயித்ததை அனுப்புகிறாள். எல்லாருக்கும் சந்தோஷம். சங்கத்து அம்மா மட்டும் ஒரு நாள் அதை வாங்கிப் படித்துவிட்டு, தன்னைக் காணோமே என்று தேடுகிறார். நாள் முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டு நீலச் சட்டைக்காரருக்காக வருத்தப்பட்ட மனுஷி. [இதுவும் எழுத வரவில்லை.]

இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு மாடிக்குப் போய் அவளிடம் சொன்னேன். "என்னால முடிவு எழுத முடியலடி. நான் ஒரு பக்கம் சாஞ்சு எழுதிட்டா நீயும் அந்தப் பக்கம் சாஞ்சிருவியோன்னு பயமா இருக்கு."

வாயிலிருந்த பேனா மூடியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். அழுத நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

"அப்பாடா, இந்த வீட்டுல ஒருத்தருக்காவது புரிஞ்சுதே அத்தான்."

9

இன்று மத்தியானம். சாப்பாடு ஆகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மச்சினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள், நன்றாகச் சாப்பிட்டாள், கையைக் கழுவிவிட்டு, "அனுப்பிட்டேன்" என்றாள்.

"எதைடி?" என்று நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்டயுமா?" என்றாள் மனைவி.

"முக்கியமா அத்தான்கிட்ட. அவருக்குத் தெரிஞ்சா எழுத்துல தெரிஞ்சுடும். தெரியாத ஆள் மார்க் போட்டாத்தான் செல்லும்."

நான் கெஞ்சினேன், மிரட்டினேன், மாடி அறைக்கு வாடகை கேட்பேன் என்றேன். அசைந்து கொடுக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். (ஆமாம், ஜன்னல். இங்கே நிஜமாகவே இருக்கிறது.) பேசினது இடிமுழக்கத்தோடு என்பது போனுக்கு வெளியே கேட்ட சத்தத்திலேயே தெரிந்தது. இவள் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, நாளைக்கு ஆபீஸுக்கு வர்றேன். உங்ககிட்ட நேர்ல ஒண்ணு பேசணும். இல்ல, போன்ல வேண்டாம். பாப்பா எப்படி இருக்கா?" குரலில் பெருமூச்சு இல்லை, அவசரம் இல்லை. அறிவிப்பாளராக இருந்தால் பேசாமல் அஞ்சு போட்டிருப்பார். ஆனால் நல்ல செய்தியையும் நேரில்தான் சொல்வார்கள், கெட்ட செய்தியையும் நேரில்தான் சொல்வார்கள்.

அப்புறம் சோபாவில் சாய்ந்தாள். சாய்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தூங்கிவிட்டாள்.

நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஒரு கை கன்னத்துக்குக் கீழே. இன்னொரு கையில் போனைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறாள். புருவத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு சுருக்கம், வந்து வந்து போகிறது.

"நிம்மதியாத் தூங்குறா" என்றேன் மெதுவாக. "உண்மையை அனுப்பியிருக்கா."

"அசதி" என்றாள் என் மனைவி. "எதை அனுப்பியிருந்தாலும் இப்படித்தான் தூங்குவா. எத்தனை நாள் முழிப்பு!"

ஒரே தூக்கம், பார்த்தவர்கள் இரண்டு பேர், மார்க்கும் இரண்டு. இதற்குள் அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. பேராசிரியர் பெயர். மச்சினி எழுந்திருக்கவில்லை. நான் மெள்ளக் கையை நீட்டினேன். என் மனைவி அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி போட்டாள். பிறகு எழுந்து போய், வெயில் முகத்தில் படாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

ஆகவே நீங்கள்தான் பார்க்க வேண்டும். அவள் எதை அனுப்பினாள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; அந்த வகையில் சோதனை சுத்தம். ஆனால் அவளை நீங்கள் பார்த்ததெல்லாம் என் கண் வழியாகத்தான். எனக்கு அவள் மேல் ரொம்பப் பிரியம், கூடப் பிறந்த தங்கையாக இருந்தாலும் இதற்கு மேல் இருக்காது. அதற்காக நான் ஜாஸ்தி போட்டுக் காட்டியதைக் கழித்துக்கொள்ளுங்கள். மற்றபடி தூக்கம் உங்கள் முன்னால் இருக்கிறது, நிம்மதிக்கு மார்க் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும்.

சத்தம் போடாமல் போடுங்கள். அவள் எழுந்திருப்பதற்குள் போட்டுவிடுங்கள்.